நான்கடிப் பலகையில் ஒரு ஷண்டிங் யார்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டில் மாதிரி ரயில் அமைப்பவர்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தமிழ் இதழ்களில் அதிகம் எழுதப்படாத ஒரு பொழுதுபோக்கை வாசகர்கள் முன் வைத்தமைக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும், தனி அறை ஒன்றும், எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகையைக் கிடத்தும் அளவுக்கு இடமும் இல்லாதவர்களுக்கு இது கைகூடாது என்று கட்டுரையின் இறுதியில் சொல்லப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டு அறைகளுக்குள் குடும்பம் நடத்தும் வாசகர்கள் பலர் அந்த வரியைப் படித்ததுமே ஆசையை ஒதுக்கி வைத்திருப்பார்கள். ரயில்வே போக்குவரத்துப் பிரிவில், பெரும்பாலும் சரக்கு யார்டுகளில், பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் மாதிரி ரயில் வைத்திருப்பவனும்கூட. நான்கடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள ஒரு பலகை இதற்குத் தாராளமாகப் போதும் என்பதை வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அந்தப் பலகையில் ரயில் சுற்றி வராது. அதற்குப் பதிலாக, வேகன்களைப் பிரித்துக் கோத்து வரிசைப்படுத்தும் ஷண்டிங் வேலையைச் செய்யும்.

இடம் முழுவதையும் விழுங்குவது வளைவுதான். கடைகளில் பெட்டியில் வரும் ஓ.ஓ. அளவு ரயில்களில், அதாவது உண்மையான ரயிலை 76 பங்கில் ஒன்றாகக் குறுக்கிய, 16.5 மி.மீ. அகலத் தடத்தில் ஓடும் ரயில்களில், பரவலாகப் பயன்படும் வளைவின் ஆரம் 438 மி.மீ. ஒரு முழு வட்டத்துக்கே ஏறத்தாழ 90 செ.மீ. விட்டம் வேண்டும், இரு புறமும் ஓர் இடைவெளி விட்டு, நடுவில் நேர்த்தடமும் ஒரு சிறு நிலையமும் வைக்க நினைத்தால் எட்டடிப் பலகைதான் வழி. அந்தப் பலகையை ஒரு சுவரோடு ஒட்டிப் போட்டால் மறுபக்கம் கவிழ்ந்த வண்டியை எடுக்கக் கை எட்டாது என்பதால், சுற்றி நடக்கவும் இடம் விட வேண்டியிருக்கிறது. இவ்வளவு இடத்தைக் கொடுத்த பிறகும் ரயில் செய்வது ஒன்றே ஒன்றுதான்: புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறது. குழந்தைகள் முதல் வாரம் அதை ரசிக்கிறார்கள். பிறகு பெட்டி பரண் மேல் ஏறிவிடுகிறது. குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று பெற்றோர் வருந்துவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த ரயிலில் குழந்தை யோசித்துச் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை என்பதே உண்மையான காரணம் என்று நம்புகிறேன்.

ஷண்டிங் என்பது யோசிக்க வைக்கும் வேலை. ஒரு சரக்கு ரயில் நிலையத்துக்கு வந்து நின்றதும், அதிலுள்ள வேகன்களில் எவை குட்ஸ் ஷெட்டுக்கு, எவை சிமென்ட் ஆலை சைடிங்குக்கு (பிரதான தடத்திலிருந்து பிரியும் பக்கத் தடத்துக்கு), எவை அடுத்த வண்டியோடு மேலே செல்ல வேண்டியவை என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய தடத்தில் அதற்குரிய வரிசையில் நிறுத்துவதே அது. வேண்டிய வேகன் எப்போதும் வேறு இரண்டின் பின்னால்தான் நிற்கும். அந்த இரண்டையும் எங்கே ஒதுக்குவது என்பதில்தான் ஷண்டிங் மாஸ்டரின் திறமை இருந்தது. தண்டையார்பேட்டை, ஜோலார்பேட்டை, ஈரோடு போன்ற இடங்களில் யார்டு முழுவதும் இந்த வேலை இரவு பகலாக நடந்த காலம் உண்டு. 1980-களில் தொடங்கி, ஒரே சரக்கை ஒரே இடத்துக்கு முழு ரேக்காக, அதாவது ஒரு முழு வண்டியாக, அனுப்பும் முறையை இந்திய ரயில்வே கைக்கொண்ட பிறகு, தனித்தனி வேகன்களாகச் சரக்கு ஏற்றுவது மறைந்து, சிறு ஊர்களின் குட்ஸ் ஷெட்டுகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நிர்வாகத்துக்கு அது நன்மையே. வேகன்கள் யார்டுகளில் நாள்கணக்கில் தேங்குவது குறைந்தது. ஆனால், ஓர் இன்ஜின் முன்னும் பின்னும் போய் வேகன்களை வரிசைப்படுத்தும் காட்சியை இன்றைய பிள்ளைகள் எந்த நிலையத்திலும் பார்ப்பதற்கில்லை. அதை வீட்டுப் பலகையில் மீட்டுக்கொள்ள முடியும்.

இதற்கான மிகச் சிறந்த வடிவத்தை 1970-களின் இறுதியில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் என்பவர் அமைத்தார். வடக்கு இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துப் பகுதியில், ஆனிக் நகரிலிருந்து கார்ன்ஹில் வரை சென்ற கிளைப் பாதையில் இருந்த கில்ஹாம் என்னும் சிறு சைடிங்கைப் பார்த்து அவர் வடித்த அமைப்பு ‘இங்கிள்நுக்’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. மூன்று சைடிங்குகள், அவற்றைப் பிரிக்க இரண்டு பாயிண்ட்டுகள் (வண்டியை ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் அமைப்புகள்), இன்ஜின் முன்னும் பின்னும் போய்வர ஒரு ஷண்டிங் நெக், அதாவது ஒரு முனை மூடிய தனித் தடம். இவ்வளவுதான் அதில் உள்ளவை. நீளமான சைடிங்கில் ஐந்து வேகன்கள் நிற்கும். மற்ற இரண்டிலும் மும்மூன்று நிற்கும். ஷண்டிங் நெக்கில் இன்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்கும். மொத்தம் எட்டு வேகன்கள். ஆட்டம் தொடங்கும்போது நீளமான சைடிங்கில் ஐந்தும், குட்டை சைடிங்குகளில் ஒன்றில் மூன்றும் நிற்க, மற்றொன்று காலியாக இருக்கும். எட்டு வேகன்களுக்கும் எட்டுச் சீட்டுகள் எழுதி, கலைத்து, ஐந்தை எடுக்க வேண்டும். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகன்களையும் நீளமான சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும்.

எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுப்பதற்கு 6,720 வழிகள் உள்ளன. எந்த வரிசை வந்தாலும் அதற்குத் தீர்வு உண்டு என்பதுதான் இந்த அமைப்பின் பெருமை. இரண்டே பாயிண்ட்டுகளை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு முறை ஆடினாலும் பல ஆண்டுகள் தீராத வேலையை அது கொடுக்கிறது.

இங்கே வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஷண்டிங் நெக்கின் நீளம். தடங்களின் வடிவத்தைப் பார்த்துவிட்டு, நீளத்தைத் தம் வசதிக்கு மாற்றிக்கொள்பவர்களே அதிகம். நெக்கில் மூன்றுக்குப் பதில் நான்கு வேகன்கள் அடங்குமானால், ஒரே இழுப்பில் நான்கை வெளியே கொண்டுவந்துவிடலாம்; புதிர் தளர்ந்து ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். இரண்டு மட்டுமே அடங்குமானால், ஒரே ஒரு வேகனை இடம் மாற்றுவதற்கும் ஓயாமல் போய்வர வேண்டியிருக்கும், ஆடுபவர் களைத்துவிடுவார். எட்டு வேகன்களுக்குப் பதினொரு இடங்கள் கொடுத்து, மூன்று இடங்களை மட்டும் காலியாக விட்டிருப்பதும் அதே கணக்கில்தான். ஆடுபுலி ஆட்டத்தில் காலிப் புள்ளிகள் குறையக் குறையப் புலியின் ஒவ்வொரு நகர்வும் கனம் பெறுவதுபோல, இந்த மூன்று காலி இடங்கள்தான் ஒவ்வொரு இழுப்புக்கும் பொருள் கொடுக்கின்றன. ஆகவே, ஒரு வேகன் அதிகமாக நிற்கட்டுமே என்று சைடிங்கை நீட்டுவதும் ஆட்டத்தைக் கெடுக்கும்.

ஆதலால் வடிவமைப்பைத் தடத்திலிருந்து தொடங்கக் கூடாது. வேகனிலிருந்து தொடங்க வேண்டும். எந்த எட்டு வேகன்களை, எந்த இன்ஜினைப் பயன்படுத்தப் போகிறோம் என்று தீர்மானித்து, அவற்றை வாங்கி, கோத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்த பிறகே பலகையில் பென்சிலை வைக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்குடன் சொல்கிறேன். பிரிட்டிஷ் பாணி நான்கு சக்கர வேகன் ஒன்று ஓ.ஓ. அளவில் ஏறத்தாழ 80 மி.மீ. நீளம் இருக்கும். அந்நாட்டில் 1952 முதல் 1962 வரை கட்டப்பட்ட கிளாஸ் 08 என்னும் ஷண்டிங் டீசல் இன்ஜினின் நீளம் 8.92 மீட்டர், மாதிரியில் அது 117 மி.மீ. ஆகிறது. எனவே ஐந்து வேகன்களுக்கு 400, மூன்று வேகன்களுக்கு 240, ஷண்டிங் நெக்குக்குச் சிறிது தளர்வு சேர்த்து 370 மி.மீ. வேண்டும். பெகோ நிறுவனத்தின் சிறிய பாயிண்ட் ஒன்று 185 மி.மீ. நீளமுள்ளது.

இவற்றோடு பலரும் மறந்துவிடுகிற ஓர் அளவையும் சேர்க்க வேண்டும். இரண்டு தடங்கள் பிரியும் இடத்தில், பக்கத்துத் தடத்தில் செல்லும் வண்டி உரசாமல் இருக்க எந்த இடத்துக்கு அப்பால் வேகன் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் ரயில்வேயில் ஃபவுலிங் மார்க் என்னும் குறிக்கல் நட்டிருப்பார்கள். மாதிரியிலும் பாயிண்ட் முடிந்த பிறகு ஏறத்தாழ 70 மி.மீ. தள்ளித்தான் வேகன் நிற்க முடியும். காகிதத்தில் தடத்தின் நீளத்தை மட்டும் கணக்கிட்டு, ஐந்து வேகன் நிற்கும் என்று நம்பி ஆணி அடித்தவர்கள், ஐந்தாவது வேகன் பாயிண்ட்டை மறித்து நிற்பதைக் கண்டு தடத்தைப் பெயர்க்க நேர்கிறது. ஃபவுலிங் மார்க்குக்கு அப்பால் உள்ள நீளமே சைடிங்கின் நீளம். யார்டில் வேலை பார்த்த எவரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

இரண்டாவது பாயிண்ட்டை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐந்து வேகன் சைடிங் செல்லும் கிளையில் அதை வைத்தால், நெக் 370, முதல் பாயிண்ட் 185, இரண்டாம் பாயிண்ட் 185, இடைவெளி 70, வேகன்கள் 400, இரு முனைகளிலும் தடுப்புக் கட்டைகளுக்கு 30 எனக் கூட்டினால் 1,240 மி.மீ. ஆகிறது. நான்கடி என்பது 1,219 மி.மீ.; பலகை போதாது. அதே பாயிண்ட்டை மூன்று வேகன் சைடிங்குகள் பிரியும் கிளையில் வைத்தால், அந்தக் கிளைக்கு 185, 70, 240 சேர்ந்து 495 மி.மீ.; பக்கத்தில் ஐந்து வேகன் சைடிங்குக்கு 70, 400 சேர்ந்து 470 மி.மீ. இரு கிளைகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடிந்து, மொத்த நீளம் 1,080 மி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. பாயிண்ட் ஒன்றை ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு மாற்றியதிலேயே 16 செ.மீ. மிச்சம். மீதமுள்ள இடத்தைப் பார்த்து நெக்கை நீட்டத் தோன்றும், நீட்டக் கூடாது. 370 மி.மீ.யில் தடுப்புக் கட்டையைப் பொருத்திவிட்டு, எஞ்சிய இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியையோ பாயிண்ட்ஸ்மேன் அறையையோ வைக்கலாம்.

இடம் இன்னும் குறைவு என்பவர்கள் ஐந்துக்கு மூன்று, மூன்றுகளுக்கு இரண்டு என்று குறைத்து, ஐந்து வேகன்களில் மூன்றை வரிசைப்படுத்தி ஆடும் சிறு வடிவத்தை நாடுகிறார்கள். அதில் 60 வரிசைகளே உண்டு. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அது ஏற்றது. ஆனால் இடத்தைச் சேமிக்க அது வழியல்ல. மேற்கண்ட கணக்கின்படி அது 920 மி.மீ. கேட்கிறது, அதாவது மூன்று வேகன்களை இழந்து 16 செ.மீ.தான் பெறுகிறோம், ஏனெனில் பாயிண்ட்டுகளின் நீளம் குறைவதில்லை. இடம் உண்மையிலேயே இல்லாதவர்கள் பிரிட்டிஷ் என் அளவுக்குப் போவதே சரி. உண்மையில் 148-இல் ஒரு பங்கான அந்த அளவில், 9 மி.மீ. தடத்தில், முழு அமைப்பும் இரண்டடிப் பலகையில் அமர்ந்துவிடும். என் வயதுடையவர்களின் கண்ணுக்கும் விரலுக்கும் அது சிரமம் என்பதால் நான் ஓ.ஓ. அளவையே பரிந்துரைக்கிறேன்.

மாதிரிப் பாயிண்ட்டைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இந்திய ரயில்வேயில் பயணிகள் ரயில் செல்லும் தடங்களில் வழக்கமாக உள்ள 1-க்கு 12 பாயிண்ட், அதாவது 12 அடி செல்வதற்குள் ஓரடி விலகும் பாயிண்ட், சுமார் 40 மீட்டர் நீளமுள்ளது. அதை அப்படியே 76 பங்கில் குறைத்தால் 52 செ.மீ. வரும், நமது பலகையில் ஏறத்தாழ பாதியை ஒன்றே எடுத்துக்கொள்ளும். கடையில் கிடைக்கும் சிறு பாயிண்ட்டின் 12 பாகைக் கோணம் 1-க்கு 4.7 என்ற கணக்கில் வருகிறது. உண்மை ரயிலுக்கு இவ்வளவு கூர்மையாகத் திரும்ப இயலாது. நான்கு சக்கர வேகனும் சிறு இன்ஜினும் மாதிரியில் இதைத் தாங்கும். நீண்ட, எட்டுச் சக்கர போகி வேகன்களை இதில் பின்னுக்குத் தள்ளினால் கொக்கிகள் பக்கவாட்டில் இழுத்துத் தடம் புரட்டும். சிறு இடத்துக்கு நான்கு சக்கர வேகன்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு நீளத்தைவிட இதுவே எனக்கு முக்கியக் காரணம்.

பாயிண்ட் வாங்கும்போது, தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராசிங் பகுதி பிளாஸ்டிக்காக இல்லாமல் மின்னோட்டம் பாயும் உலோகமாக இருப்பதை வாங்குவது நல்லது. ஷண்டிங்கில் இன்ஜின் மிக மெதுவாகச் செல்கிறது. வேகமாக ஓடும் ரயில் ஒரு சென்டிமீட்டர் மின்சாரமில்லாத இடத்தைத் தன் உந்துதலில் கடந்துவிடும். ஊர்ந்து வரும் ஆறு சக்கர இன்ஜின் அங்கேயே நின்றுவிடும். உலோகக் கிராசிங் என்றால் கம்பி இணைப்புகள் சிக்கலாகும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். இங்கிள்நுக் அமைப்பில் அந்த அச்சம் தேவையில்லை. மின்சாரம் ஷண்டிங் நெக்கில் மட்டும் கொடுக்கப்பட்டு, எந்தப் பக்கம் பாயிண்ட் திரும்பியிருக்கிறதோ அந்தத் தடத்துக்கு மட்டும் பாயும் என்பதால், முழு அமைப்புக்கும் இரண்டே கம்பிகள் போதும். ஒரே இன்ஜின் என்பதால் சாதாரண 12 வோல்ட் நேர்மின்சாரக் கட்டுப்பாட்டுக் கருவியே போதுமானது, டி.சி.சி. என்னும் எண்முறைக் கட்டுப்பாட்டுக்குச் செலவழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாயிண்ட்டை இயக்க மோட்டாரும் வேண்டாம். பலகை கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது விரலால் பாயிண்ட்டைத் தள்ளுவது, லீவரைப் பிடித்து இழுத்த பாயிண்ட்ஸ்மேனின் வேலைக்கு எவ்வளவோ நெருக்கமானது.

அமெரிக்காவிலிருந்து வந்த ‘டைம்சேவர்’ என்ற மற்றொரு புகழ்பெற்ற அமைப்பும் உண்டு. கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த ஜான் ஆலன் வடிவமைத்து 1972-இல் வெளியானது அது. ஐந்து பாயிண்ட்டுகள், இன்ஜின் வேகன்களைச் சுற்றி மறுமுனைக்கு வர ஒரு லூப், எதிரெதிர் திசை நோக்கிய சைடிங்குகள் என்று பார்த்தவுடன் ஈர்க்கும் வடிவம். யார் குறைந்த நேரத்தில் வேகன்களை உரிய இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று நண்பர்கள் கூடிப் போட்டியிடுவதற்காக அவர் அதை ஆக்கினார். அந்த நோக்கத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் வீட்டில் நிலையாக வைக்க நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உண்மை ரயில்வேயில் தடம் போடுபவர் வேலை எளிதாக வேண்டும் என்றே போடுவார். இடைஞ்சல் இடத்தாலும் சூழலாலும் வரும். டைம்சேவரில் இடைஞ்சல் வேண்டுமென்றே ஒவ்வொரு முனையிலும் வைக்கப்பட்டிருப்பதால், சில மாதங்களில் அது ஒரு யார்டாகத் தோன்றாமல் கணக்குப் புத்தகமாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. பாயிண்ட் கூடக் கூடச் செலவும் பழுதும் கூடுகின்றன, தடம் முழுவதையும் பாயிண்ட்டுகளே அடைத்துக்கொள்வதால் வேகன் நிற்கவும் இடம் குறைகிறது. இங்கிள்நுக்கில் அமர்ந்தவர்கள் மூன்றாவது பாயிண்ட் ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்கும்போதெல்லாம், வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன்.

பலகையைப் பொருத்துவதில் ஒன்றை மட்டும் மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டும். ரசமட்டம் வைத்துச் சமன் பார்க்க வேண்டும். நிலைய யார்டுகளில் தடத்தின் சரிவு 1-க்கு 400-ஐ விடக் கூடுதலாக இருக்கக் கூடாது என்பது இந்திய ரயில்வேயின் விதி. 1-க்கு 1,200 என்பதே பரிந்துரைக்கப்படும் அளவு. நான்கடிப் பலகையில் 1-க்கு 400 என்பது வெறும் 3 மி.மீ. ஒரு முனை அதைவிடக் கணிசமாகத் தாழ்ந்திருந்தால், நன்றாக உருளும் வேகன் கழற்றிவிட்ட இடத்தில் நிற்காமல் தானாக நகரத் தொடங்கும். சுவர்த் தாங்கிகள் நாளடைவில் தளர்வதால் இதை ஆண்டுக்கொருமுறை சரிபார்ப்பது நல்லது.

பலகைக்கு எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்யும் பலகை) வேண்டாம். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது ஊதிவிடும், 12 மி.மீ. மரைன் பிளைவுட்டை மரச்சட்டத்தின் மேல் அடித்தால் நிற்கும். தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும், இரும்பு துருப்பிடிக்கும். இணைப்புகளில் அரை மி.மீ. இடைவெளி நம் ஊர் வெயிலுக்குப் போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் தடத்தையும், பாயிண்ட்டின் நாக்குகள் தொடும் இடத்தையும் துடைத்துவைத்தால் இன்ஜின் இடையில் நிற்காது.

ஷண்டிங்கின்போது மணிக்கு 15 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதும், வெடிபொருள், பெட்ரோல் போன்ற ஆபத்தான சரக்கு வேகன்களுக்கு 8 கி.மீ. என்பதும் எங்களுக்குப் பணியில் சேர்ந்ததும் சொல்லிக்கொடுக்கப்படும் விதிகள். ஓ.ஓ. அளவில் 15 கி.மீ. என்பது விநாடிக்கு ஐந்தரை செ.மீ. ஆகும், பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல ஏறக்குறைய 22 விநாடிகள் பிடிக்க வேண்டும். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை இந்த வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவருக்கு, நான்கடி எவ்வளவு நீண்ட தூரம் என்பது விளங்கும். இன்ஜின் வாங்கும்போது உயர் வேகத்தைப் பார்க்காமல், இந்த மெதுவேகத்தில் அதிராமல் நகர்கிறதா என்பதையே கடையில் ஓட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். வடிவமைப்பில் செய்த சிக்கனம் அனைத்தையும் இன்ஜினின் தரத்துக்குச் செலவிடுவது தகும்.

கொக்கிகளில் அமெரிக்காவின் கேடி நிறுவனத்தின் காந்தக் கொக்கிகள் ஷண்டிங்குக்கு மிகவும் உகந்தவை. அவற்றின் வடிவம் நம் சரக்கு வேகன்களில் இன்று உள்ள சென்டர் பஃபர் கப்ளரை ஒத்திருக்கும். தடத்துக்கு அடியில் வைத்த காந்தத்தின் மேல் வந்து நின்றால் தாமாகவே கழன்றுவிடும். காந்தம் வைக்க விரும்பாதவர்கள் கூரிய மூங்கில் குச்சியைக் கொக்கிகளின் நடுவில் விட்டுத் திருப்பினாலும் கழற்றலாம். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, ஏனெனில் ஒவ்வொரு வேகனிடமும் சென்று கழற்றுகிற உணர்வு அதில் கிடைக்கிறது. எந்தக் கொக்கியானாலும் எட்டு வேகன்களிலும் ஒரே உயரத்தில் இருப்பதை அளந்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சுற்றுப்புறக் காட்சியை அவரவர் விருப்பத்துக்கு விடுகிறேன். ஆனால் தமிழ்நாட்டு நிலையம் ஒன்றை அமைக்க விரும்புபவர்கள் தட அகலத்தைப் பற்றி ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நம் அகலப் பாதை 1,676 மி.மீ.; ஓ.ஓ. அளவில் அதற்கு 22 மி.மீ. தடம் வேண்டும், கடையில் கிடைப்பதோ 16.5. ஆகவே நம் அகலப் பாதை வேகனை அந்தத் தடத்தில் வைத்தால் ஒடுங்கிய பாதையில் நிற்பதுபோல் தெரியும். இதற்கு மாறாக, தென் மாவட்டங்களிலெல்லாம் ஒரு காலத்தில் ஓடிய மீட்டர் கேஜ் பாதையை 87-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 11.5 மி.மீ. வருகிறது. 12 மி.மீ. தடமும் அதற்கான பாயிண்ட்டுகளும் ஐரோப்பிய நிறுவனங்களின் தயாரிப்பில் கிடைக்கின்றன. ஓட்டுக்கூரை போட்ட ஒரு குட்ஸ் ஷெட், உப்பு மூட்டை ஏற்றும் மேடை, பக்கத்தில் ஒரு புளியமரம் என்று ஒரு மீட்டர் கேஜ் சரக்கு நிலையத்தை ஏறக்குறைய பிழையற்ற அளவில் அமைக்க இது வழிவிடுகிறது. வேகன்களைக் கையால் கட்ட வேண்டியிருக்கும். எட்டே வேகன்கள் என்பதால் அது முடியாத காரியமல்ல. இவ்வளவு சிறிய அமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள பெரிய லாபங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

சீட்டுகளை வெறும் எண்களாக எழுதாமல், பழைய நாளில் வேகனின் பக்கவாட்டில் செருகியிருந்த லேபிளைப்போல், சரக்கின் பெயரும் சேருமிடமும் எழுதிவைத்தால் ஆட்டத்துக்கு உயிர் வருகிறது. ஒருவர் இன்ஜினை இயக்க, மற்றவர் பாயிண்ட்டைத் திருப்பிக் கொக்கியைக் கழற்ற, இருவராக ஆடுவது இன்னும் நன்று. வாயால் பேசாமல், பச்சை சிவப்புக் கொடிகளின் சைகையால் மட்டுமே ஆட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தாத்தாவும் பேரனும் ஒரு மாலைப் பொழுதை முழுக்கக் கவனத்தோடு கழிக்கலாம்.

இந்தக் கடிதத்தின் மூலம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மாவட்ட மைய நூலகங்களிலும், சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உள்ள குழந்தைகள் பிரிவுகளில், பிள்ளைகள் தாங்களே இயக்கும்படியான ஷண்டிங் பலகை ஒன்றை வைக்க நூலகத் துறையினர் முன்வர வேண்டும். கண்ணாடிக்குள் ஓடும் மாதிரி ரயிலை வெளியிலிருந்து பார்த்துச் செல்வதைவிட அது பல மடங்கு பயன் தரும். ஒரு புத்தக அலமாரியின் மேல்தட்டு அளவுக்கே இடம் வேண்டும். இரண்டாவது வேண்டுகோள் தங்களுக்கு. மேலே சொன்ன அளவுகளோடு, ஃபவுலிங் மார்க்குகளையும் குறித்து, பலகையின் படத்தை உண்மை அளவில் கால் பங்காக வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ஏறத்தாழ 30.5 செ.மீ. நீளமும் 7.6 செ.மீ. அகலமுமே உள்ள அந்தப் படம் தங்கள் இணைப்பின் அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதே அளவில், சுருக்காமல் அச்சிட்டால், வாசகர்கள் ஒவ்வோர் அளவையும் நான்கால் பெருக்கி நேராகப் பலகையில் குறித்துக்கொள்ள இயலும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்,
பெரம்பூர், சென்னை.